மைதானத்தின் முதுகில் கடைகள்

பொரளைச் சந்தியிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் முதல் சில நூறு மீட்டருக்குக் கடைக்குப் பஞ்சமில்லை. பாமசி, மூக்குக்கண்ணாடிக் கடை, சோற்றுப் பார்சல், ரீலோட் போடும் பெட்டிக்கடை, மலர்ச்சாலை. அதற்கப்பால் மதில்கள் தொடங்கிவிடும். மயானம், சிறைச்சாலை, வைத்தியசாலைகள், பாடசாலைகள், மைதானங்கள் என்று பெரிய பெரிய நிலத்துண்டுகள் சுற்றுச்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும் பகுதி இது. கடைவரிசை முடிந்து மதில் தொடங்கும் இடத்தில் நடப்பவர் தொகை குறைகிறது. இருட்டிய பிறகு பெண்கள் மறுபக்க நடைபாதைக்கு மாறிக்கொள்கிறார்கள்.

இந்த மதில்களில் சிலவற்றை, குறிப்பாகப் பல்கலைக்கழக மைதானங்களின் வீதியோரச் சுவர்களை, எடுத்துவிட்டுத் தெரு மட்டத்தில் கடைகள் வைக்கலாமே என்ற யோசனை நகரத் திட்டமிடலாளர்களுக்கு மிகவும் பிடித்தமானது. மைதானம் நாளின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடக்கிறது. கடை வந்தால் தெருவுக்கு உயிர், மாணவருக்கு வசதி, பல்கலைக்கழகத்துக்கு வாடகை என்பது அவர்கள் கணக்கு. கொழும்புக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காயும் அல்ல. 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் கொழும்பு 8, கின்சி வீதியில் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில், அதே பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகத்துக்கு அருகே, ஒரு விளையாட்டுத் திடலின் பார்வையாளர் மண்டபத்தில் கடை வைத்துப் பார்த்த பரீட்சை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. அந்த விடைத்தாளைத்தான் முதலில் திருத்திப் பார்க்க வேண்டும்.

ரீட் அவென்யூ குதிரைப் பந்தயத் திடல் 1893இல் திறக்கப்பட்டது. அதுவரை காலிமுகத்தில் ஓடிய குதிரைகள் இங்கே வந்தன. இரண்டாம் உலகப் போரில் ஓடுபாதை போட்டு விமானத்தளமாக்கினார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இங்கிருந்தும் ஹரிகேன் விமானங்கள் கிளம்பின. 1956இல் பந்தயம் நின்றது. பிறகு 1960களில் இடநெருக்கடி காரணமாகப் பல்கலைக்கழக வகுப்புகள் இந்த வளாகத்துக்குள் வந்தன. நகரம் சும்மா விடுமா? 'அஸ்வ வித்யாலய' என்று சிங்களத்தில் பகிடியாகப் பெயர் வைத்தது. குதிரைகளின் கலாசாலை. பின்னர் நெடுங்காலம் அந்த மண்டபம் கவனிப்பாரற்று நின்றது.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கொழும்பின் முகம் மாறியது: அரச கட்டடங்களின் மதில்கள் தகர்ந்தன, நடைபாதைகளில் கல் பதிந்தது, பழைய கட்டடங்கள் வெள்ளையடித்துக் கடைகளாயின. பந்தயத் திடல் 2012இல் றக்பி மைதானமாக எழுந்தது. அதன் பழைய பார்வையாளர் மண்டபம் ஆடையகங்களும் உணவகங்களும் கொண்ட வணிக வளாகமாக மாறியது.

கட்டடக் கலையாக மட்டும் பார்த்தால் இந்தத் தீர்வில் குறை சொல்வது கடினம். ஒரு பார்வையாளர் மண்டபத்துக்கு முகம் ஒன்று உண்டு, முதுகு ஒன்று உண்டு. முகம் திடலைப் பார்க்கிறது. முதுகும் படிக்கட்டுக்குக் கீழுள்ள வயிறும் எவருக்கும் பயன்படாமல் கிடக்கின்றன. உடைந்த கதிரைகளும், புல்வெட்டும் இயந்திரமும், பூட்டின் சாவி தொலைந்த அறைகளும் கொண்ட அந்தக் கீழ்த்தளத்தில்தான் கடைகள் வந்தன. ஒரு அடி புல்லும் போகவில்லை. பழுதாகிக்கொண்டிருந்த நூற்றாண்டுக் கட்டடமும் பிழைத்தது. இந்த இரண்டுக்கும் பாராட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் யாருடைய கடைகள்? பக்கத்தில் பல்கலைக்கழகமும் ரோயல் கல்லூரியும் இருக்கின்றன. கால்நடையாக வருகிற ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது போட்டோகொப்பி, பேனா, தேத்தண்ணி, பணிஸ், மழை வந்தால் ஒதுங்க ஓர் இடம். வளாகத்துக்கு வந்து சேர்ந்ததோ காரில் வந்து இறங்குபவர்களுக்கான கடைகள். மகாபொல உதவுதொகையில் மாதத்தை ஓட்டுகிற ஒரு மாணவன் அங்கே கோப்பி குடிக்க முதலில் விலைப்பட்டியலைத்தான் பார்ப்பான், பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்ப்பான். தெருவுக்கு உயிர் வரும் என்ற வாக்குறுதியும் அரைகுறையாகவே நிறைவேறியது. வாகனத் தரிப்பிடத்தை நம்பி வாழும் கடை தெருவை நம்பி வாழ்வதில்லை. மதில் போனதென்னவோ உண்மை. மதில் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது விலைப்பட்டியல் செய்கிறது.

தெருவோரக் கடையை ஆதரிப்பவர்கள் வழக்கமாக மேற்கோள் காட்டும் பெயர் ஜேன் ஜேக்கப்ஸ். அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961இல் அவர் எழுதிய நூலில், பெரிய பல்கலைக்கழகம், ரயில்பாதை, பெரும் பூங்கா போன்ற ஒற்றைப் பயன் நிலங்கள் தம் விளிம்பில் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகின்றன என்று காட்டினார். விளிம்பைத் தாண்டிப் போக யாருக்கும் வேலையில்லை. ஆகவே விளிம்புக்கு வருபவர் குறைகிறார்கள். வருபவர் குறைவதால் எதிர்ப்பக்கக் கடையும் நலிகிறது. கடை நலிவதால் இன்னும் ஆட்கள் குறைகிறார்கள். பொரளையில் மதிலோரமாக நடந்தவருக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும்.

ஆனால் அவர் சொன்ன மருந்து கடை மட்டுமல்ல என்பதை ஆதரவாளர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த நிலத்துக்குள் நடக்கிற காரியங்களிலேயே பொதுமக்கள் பார்க்கவும் சேரவும் கூடியவற்றை நடுவில் புதைக்காமல் ஓரத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். பூங்கா என்றால் சறுக்குத் திடலை ஓரத்தில் வை என்பது அவர் கட்சி. அதைப் பல்கலைக்கழக மைதானத்துக்குப் பொருத்தினால் முதலில் கிடைக்கும் விடை கடை ஆகாது. மேசைப்பந்து அறையும் கரம் பலகையும் உடற்பயிற்சிக் கூடமும் வீதியைப் பார்த்து ஜன்னல் திறக்க வேண்டும் என்பதே. இரவு எட்டு மணிவரை விளக்கெரியும் ஒரு மேசைப்பந்து அறை, ஆறு மணிக்கே இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் கடையைவிட நல்ல காவல். வாடகை தராது என்பதால்தான் இந்த யோசனைக்கு ஆள் பிடிப்பது கஷ்டம்.

காவல் என்ற சொல் வந்துவிட்டது. கடைகள் வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் மிகப் பலமானதாகக் கருதப்படுவது பாதுகாப்பு: தெருவில் கண்கள் இருந்தால் தீங்கு நடக்காது. வேறெந்த ஊரிலாவது இதைக் கேள்வி இல்லாமல் ஒப்புக்கொள்ளலாம். பொரளையில் ஒரு தமிழர் ஒப்புக்கொள்வது எப்படி?

1983 ஜூலை 24, ஞாயிறு. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 படையினரின் உடல்கள் கனத்தை மயானத்துக்கு வரும் என்று பெருங்கூட்டம் காத்திருந்தது. உடல்கள் வரவில்லை. கூட்டம் பொரளைச் சந்தியை நோக்கித் திரும்பியது. அன்றிரவு முதலில் எரிந்தவை சந்தியைச் சுற்றியிருந்த தமிழர் கடைகள். நிறைய கண்கள் இருந்த தெரு அது. கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன, சில கண்கள் எந்தக் கடை யாருடையது என்று காட்டியும் கொடுத்தன. தெரு மட்டத்துக் கடை என்பது பெயர்ப்பலகையோடு தெருவில் நிற்பது; அந்த இரவில் பெயர்ப்பலகையே குற்றப்பத்திரிகையாயிற்று.

சரி, மதிலாவது காத்ததா? சந்திக்கு அருகில் பேஸ்லைன் வீதியோரம் உயர்ந்து நிற்பது வெலிக்கடைச் சிறையின் மதில். ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் அந்த மதிலுக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். மைதானங்களும் தப்பவில்லை. 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கிரிக்கெட், மெய்வல்லுநர் கழகத்தின் மைதானம் பொரளை வனாத்தமுல்லையில்தான் இருக்கிறது. பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கிய அந்த 'பி. சரா ஓவல்', இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய இடம். பதினேழு மாதங்கள் கழித்து அதன் பெவிலியன் எரிந்தது. (1985 செப்டம்பரில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியை இந்தியாவுக்கு எதிராகப் பெற்றதும் அதே மைதானத்தில்தான். நாடு ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தில் சாம்பலைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை.)

ஆக, கடைகள் நிறைந்த திறந்த தெருவும் காக்கவில்லை. உயர்ந்த மதிலும் காக்கவில்லை. அரசு காக்க நினைக்காத இடத்தில் கட்டட வடிவம் யாரையும் காக்காது. பாதுகாப்பு வாதம் முழுக்கப் பொய் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை, விடுதிக்குத் திரும்பும் மாணவியின் கழுத்துச் சங்கிலியை அறுக்க வருபவனை எதிர்க்கடைக்காரரின் விளக்கு தடுக்கும். அந்த அளவுக்கு அது உண்மை. அந்த அளவுக்கு மட்டும். தராசில் அதற்குரிய எடையைக் கொடுக்கலாம். தராசையே அதன் கையில் கொடுக்க முடியாது.

மதிலுக்காகவும் வாதாட ஒருவர் வேண்டும். அந்த வழக்கைப் பெண் வீராங்கனைகள் நன்றாகவே நடத்துவார்கள். மாலை நாலரைக்கு அரைக்காற்சட்டையோடு ஓடுகிற, உயரம் பாய்கிற, வலைப்பந்து ஆடுகிற பெண்ணுக்கு மதில் அடைப்பாகத் தெரிவதில்லை. வேண்டாத பார்வையிலிருந்து கிடைக்கும் விடுமுறையாகத் தெரிகிறது. தேநீர்க் கடை வாங்கில் குந்தியிருந்து கையில் சிகரெட்டோடு மைதானத்தைப் பார்க்கும் ஆண்கள் வரிசையை யோசித்துப் பாருங்கள். திட்ட வரைபடங்களில் அவர்களை 'பார்வையாளர்' என்று வரைவார்கள். பயிற்சிக்கு வரும் பெண் அவர்களுக்கு வேறு பெயர் வைத்திருப்பாள். தெருவுக்குக் கண்கள் வேண்டும் என்றால் வேண்டும். அந்தக் கண்கள் மைதானத்துக்குள் திரும்பத் தேவையில்லை. கடை வைப்பதானால் அதன் முகம் வீதிக்கு, பின்சுவர் மைதானத்துக்கு, அந்தப் பின்சுவரில் ஜன்னல் இல்லை என்பது இதிலிருந்து வரும் முதல் நிபந்தனை. மைதானத்தைப் பார்த்துக்கொண்டே கோப்பி குடிக்கலாம் என்று விளம்பரம் செய்யும் உணவகத் திட்டங்கள் இங்கேயே தோற்றுவிடுகின்றன. மேசைப்பந்து அறைக்கும் கரம் பலகைக்கும் சொன்ன ஜன்னல் வேறு விஷயம். அங்கே ஆடுபவர்கள் விரும்பினால் திரை போட்டுக்கொள்ளலாம், சாவி அவர்கள் கையில் இருக்கும்.

அடுத்தது இடம். இதில் உணர்ச்சிக்கு வேலையில்லை, கணக்குதான். ஓட்டப் பாதையின் ஒரு தடத்துக்கு அகலம் 1.22 மீட்டர். சிறிய கடை என்றாலும் உள்ளே நின்று வியாபாரம் பண்ண ஐந்து மீட்டர் ஆழம் வேண்டும். அதாவது நான்கு தடங்கள். எட்டுத் தடப் பாதை வீதியோரமாகப் போகும் ஒரு மைதானத்தில் கடைவரிசையை உள்ளே தள்ளினால் எட்டு நான்காகும். அந்த மைதானத்தில் இனி ஒழுங்கான ஓட்டப் போட்டி நடக்காது. வீதியோர நீளம் 180 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கடைவரிசை 900 சதுர மீட்டரைத் தின்னும். 105க்கு 68 மீட்டர் உதைபந்தாட்டத் திடலில் அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. கிரிக்கெட்டுக்கு நிலைமை இன்னும் மோசம். எல்லைக்கோட்டை உள்ளே இழுத்தால் ஆட்டமே மாறிவிடும். இழுக்காவிட்டால் ஆறு ஓட்டம் ஒவ்வொன்றும் யாருடையவோ கண்ணாடி அலுமாரிக்குள் போய் விழும். பிறகு வலை, பிறகு முறைப்பாடு, பிறகு 'கடைநேரத்தில் துடுப்பாட்டப் பயிற்சி வேண்டாம்' என்று ஒரு சுற்றறிக்கை.

விளையாட்டுக்காரர்களுக்கு அளவில் உள்ள ஞாபகம் சாதாரணமானதல்ல. 1948 மார்ச்சில் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் ஒரு நாள் கொழும்பு ஓவலில், அதாவது இன்றைய பி. சரா ஓவலில், ஆடியது. 22 யார் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 யார்தான் இருந்தது என்று பின்னால் தெரியவந்தது. பந்து வீசியவர்களிலும் பிடித்தவர்களிலும் பெரும்பாலோர் மறைந்துபோனார்கள். தொலைந்த அந்த இரண்டு யாரை மட்டும் இன்றைக்கும் பொரளைக் கிரிக்கெட் ரசிகர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கொழும்பு போன்ற நெருக்கமான, தாழ்ந்த நகரத்தில் மைதானத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழைநீரைக் குடிப்பது. வனாத்தமுல்லைப் பக்கம் மழை கொட்டும்போது வீதி ஆறாவதைப் பார்த்தவர்களுக்குச் சீமெந்து போடாத ஒவ்வொரு சதுர மீட்டரின் விலையும் தெரியும். அதன் ஓரத்தில் சாப்பாட்டுக் கடை வந்தால் எண்ணெயும் சோறும் கானுக்குள் போகும்; கான் அடைக்கும்; காகமும் நாயும் எலியும் மைதானத்துக்கு உறுப்பினராகும். சிறிய விஷயம் போலத் தெரியலாம். ஆடுகளம் பராமரிப்பவரிடம் கேட்டால் இதுதான் முதலாவது விஷயம் என்பார்.

இனிப் பணம். உண்மையில் இந்த யோசனைக்குப் பின்னால் நிற்கும் எஞ்சின் இதுவே. தெருவின் உயிர், மாணவர் வசதி என்பதெல்லாம் முன்னால் ஒட்டிய பெயர்ப்பலகை. 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ள நாட்டில் அரச பல்கலைக்கழகம் மாணவரிடம் கட்டணம் வாங்க முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு திறைசேரியிடமும் அதிகம் கேட்க முடியாது. சுயமாகச் சம்பாதி என்ற அழுத்தம் எல்லாப் பீடங்களின் மீதும் விழுகிறது. வீதியோர நிலம் கையில் இருக்கும்போது, கொழும்பில் அடி நிலத்தின் விலை தெரிந்த எந்த நிதியாளருக்கும் கை அரிக்கும். மாணவர் சங்கங்கள் உடனே தனியார்மயம் என்று பதாகை பிடிக்கும். அந்தப் பயத்தைச் சும்மா கோஷம் என்று தள்ளக் கூடாது. ஆனால் வாடகை வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னை விற்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளை போன்றவை கடைக் கட்டட வருமானத்தைக் கல்விக்குச் செலவிட்ட நெடிய மரபு தமிழர்களுக்குத் தெரிந்ததே. வித்தியாசம் ஒன்று உண்டு. அந்தக் கட்டடங்கள் வியாபாரப் பகுதிகளில் வியாபாரத்துக்கென்றே நின்றவை. மைதானத்தோடு ஒட்டிய கடைக்கும் மைதானத்துக்கும் இடையே உள்ள உறவு அப்படிச் சுமுகமானதல்ல.

அந்த உறவு எப்படி முடியும் என்பதைக் கேரளத்தில் பார்க்கலாம். கொச்சி கலூரில் உள்ள ஜவஹர்லால் நேரு மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்குக் கீழே சுற்றிலும் கடைகள். கொச்சியின் அபிவிருத்தி அதிகார சபை வாடகைக்கு விட்டவை. எங்கள் பந்தயத் திடல் மண்டபத்தைப் போலவே புல்லைத் தொடாத நல்ல ஏற்பாடு. 2017இல் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ண உதைபந்தாட்டம் அங்கே வந்தது. பாதுகாப்புக்காகக் கடைகளை மூட வேண்டும் என்றார்கள். கடைக்காரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது: குத்தகைக்குப் பணம் கட்டியவர்கள், வேலைக்கு ஆள் வைத்தவர்கள், கடன் வாங்கியவர்கள். கடைசியில் தற்காலிகமாக மூடவும் இழப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யவும் நீதிமன்றம் வழி சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மைதானம் தன்னிடத்தில் விளையாட்டு நடத்த நீதிமன்றப் படியேறி வந்த வேடிக்கை இது. கட்டடத்தில் பிழை இல்லை. பிழை முழுக்க ஒப்பந்தத்தில் இருந்தது. விளையாட்டு நாளில் யார் விட்டுக்கொடுப்பது என்ற ஒரு வாசகத்தைக் குத்தகை எழுதிய நாளிலேயே தெளிவாகப் போட்டிருந்தால் இந்தச் சண்டைக்கு இடமேது?

பந்தயத் திடலையும் கலூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது இதுதான். இரண்டிடத்திலும் மேஸ்திரி சரியாகக் கட்டினார். குத்தகைப் பத்திரம் எழுதியவர் சறுக்கினார். ஓரிடத்தில் யாருக்குக் கொடுப்பது என்பதில், மற்ற இடத்தில் எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதில். கடை வேண்டுமா வேண்டாமா என்று மேடைகளில் மோதுபவர்கள் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு மோதுகிறார்கள். மோத வேண்டிய காகிதம் அது அல்ல.

நிரந்தரக் கடை இல்லாமலே மைதானத்தில் வியாபாரம் நடத்தும் வழியும் உண்டு. சென்னை நந்தனத்தில் உள்ள வை.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கியது. அந்தக் கல்லூரியின் திடலில்தான் பல ஆண்டுகளாகச் சென்னைப் புத்தகக் காட்சி நடந்துவருகிறது. தகரக் கூரையும் பலகைத் தட்டுகளுமாகச் சில நூறு கடைகள் முளைக்கின்றன, ஊரே திரண்டு வருகிறது, பிறகு எல்லாம் கழன்று போகிறது. குழிகளை நிரப்பிச் சமன் செய்யும் செலவு இருக்கிறது. அத்தனை நாட்கள் மாணவர்கள் ஓடவும் முடியாது. ஆனாலும் நிலம் யாருடையது என்பதில் ஒரு நாளும் சந்தேகம் வருவதில்லை. தற்காலிகத்துக்கு உள்ள பெரிய நற்குணம் அது. வெசாக் கூடு விற்பவர்களும் பாடசாலைத் தவணை தொடங்கும்போது கொப்பி விற்பவர்களும் பொரளையில் ஏற்கெனவே இப்படித்தான் பிழைக்கிறார்கள், அனுமதியோடோ இல்லாமலோ.

அவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஏனென்றால் மதிலோரம் இப்போதே கடை இருக்கிறது. கடலை வண்டி, இளநீர்க் குலை, அச்சாறு வாளி, செருப்புத் தைப்பவரின் குடை. 'தெருவுக்கு உயிர்' என்று வரைபடத்தில் எழுதுகிறவர் இவர்களைத் தெருவுக்கு வந்த நோயாகவே எண்ணுகிறார். பந்தயத் திடல் பளபளப்பான அதே காலத்தில் நடைபாதை வியாபாரிகள் அகற்றப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுக்கப் புறக்கோட்டையில் 2014இல் மிதக்கும் சந்தை திறந்தது. அழகான படம். சில ஆண்டுகளிலேயே களையிழந்தது. நடைபாதை வியாபாரம் பிழைப்பது ஆள் நடக்கும் வழியில் நிற்பதால். வழியை விட்டு விலக்கி, எவ்வளவு அழகான இடத்தில் வைத்தாலும் அது பட்டினி கிடக்கும். வனாத்தமுல்லையில் 2001இல் எழுந்த சஹஸ்புர அடுக்குமாடியிலும் 671 குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. வாசலில் மேசை போட்டு இடியப்பம் விற்றவருக்கு வாசல் போய்விட்டது. எட்டாம் மாடியில் கடை வைத்தால் எட்டாம் மாடிக்காரர்தான் வாடிக்கையாளர்.

தெரு மட்டம் என்பதன் அருமையை இவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஆகவே பல்கலைக்கழக மைதானத்தின் வெளிப்பக்கத்தில் கடை என்றால், முதல் உரிமை ஏற்கெனவே அங்கே நிற்பவர்களுக்கு. கேள்விப்பத்திரத்தில் அதிக வாடகை சொன்னவருக்குக் கொடுத்தால் மூன்றாம் மாதமே அங்கே ஒரு வங்கியின் பணம் எடுக்கும் இயந்திரமும் ஒரு கைபேசிக் காட்சியறையும் ஒரு வெளிநாட்டுக் கோழிப் பொரியல் கடையும் வந்து நிற்கும். நான்காம் மாதம் கடலை வண்டியைப் பொலிஸ் அப்புறப்படுத்தும், புதுக் கடைக்காரரின் முறைப்பாட்டின் பேரில்.

பொரளைக்கே உரிய இன்னொரு சங்கதியும் தராசில் ஏற வேண்டும். செத்த தெருக்களுக்கு எழுதிய மருந்தை உயிருள்ள தெருவுக்குக் கொடுக்கிறோமா என்பது அது. தேசிய வைத்தியசாலையும் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் உள்ள பகுதியில் சனத்துக்கும் கடைக்கும் குறைவில்லை. இங்கே இல்லாதவை வேறு. நோயாளியைப் பார்க்க மாத்தறையிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்து பகல் முழுக்கத் தெருவில் நிற்பவருக்கு ஒரு வாங்கு இல்லை. சுத்தமான கழிப்பறை இல்லை, பெண்களுக்கு அறவே இல்லை. வெள்ளவத்தைக்குப் போகும் 154க்குக் காத்திருப்பவருக்கு நிழல் போதாது. மைதானத்துக்குள் இவை ஓரளவு இருக்கின்றன: மரம், குழாய், கழிப்பறை. மதிலுக்கு உட்புறம். கடைக்காகச் சுவரை உடைக்க முன்வரும் நிறுவனம், குடிநீர்க் குழாய்க்காகவும் இரண்டு கழிப்பறைக்காகவும் உடைக்க முன்வருமா என்பது அதன் நோக்கத்தைச் சோதிக்க நல்ல உரைகல்.

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தால் என் தீர்ப்பு ஒரே வரியில் வராது. புதிதாகக் கடைவரிசை கட்டுவதற்காகப் பல்கலைக்கழக மைதானத்தின் ஓரத்தை எடுப்பதை நான் எதிர்க்கிறேன். பொரளையில் எந்த மைதானத்திலும், மருத்துவ பீட மாணவர்கள் ஆடும் திடலிலும், பாடசாலைப் பிள்ளைகளும் அயலாரும் ஆடும் கம்பல் பார்க்கிலும். புல்லை வாடகையாக மாற்றும் எந்தக் கணக்கும் திரும்பி வராத கணக்கு. கொழும்பு மாநகர எல்லைக்குள் ஒருமுறை போன மைதானத்துக்கு மாற்று மைதானம் கிடைத்ததை நான் கண்டதில்லை.

ஏற்கெனவே நிற்கும் பெவிலியன், பார்வையாளர் மண்டபம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றின் வீதிப் பக்கக் கீழ்த்தளத்தைத் திறப்பதை ஆதரிக்கிறேன். அதிலும் முதல் அறை விளையாட்டுக்கு, வீதியிலிருந்து தெரியும் வெளிச்சத்தோடு. இரண்டாவது பொதுக் கழிப்பறையும் குடிநீரும். மிச்சமிருந்தால் கடை. வாடகை மைதானப் பராமரிப்புக் கணக்கைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது. பராமரிப்புக்கு அரசு தரும் பணத்தை இதைக் காட்டிக் குறைக்கவும் கூடாது. அப்படிக் குறைத்த நாளிலிருந்து கடைக்காரர்தான் மைதானத்தின் முதலாளி.

குத்தகையில் மூன்று வாசகங்கள் கட்டாயம். மதிலோரம் இப்போது தொழில் செய்பவருக்கும் மாணவர் வாங்கக்கூடிய விலையில் விற்பவருக்கும் முன்னுரிமை; அதிக வாடகை சொன்னவருக்கு என்ற விதி இங்கே செல்லாது. போட்டி நாட்களில் மூடுவதும் பந்து வந்து விழுந்து உடைவதும் குத்தகைக்காரரின் பொறுப்பு, வாடகை அதற்கேற்பக் குறைவாகவே தொடங்கும். மைதானத்தைப் பார்த்து வாசலோ ஜன்னலோ திறந்தால் ஒப்பந்தம் அன்றோடு முடிவு. இவற்றை மீறாமல் பார்க்கும் குழுவில் விளையாட்டு அணிகளின் தலைவர்களும், குறிப்பாகப் பெண்கள் அணித் தலைவிகளும் இருக்க வேண்டும். நிதியாளர் ஒருவர் போதும். இந்த நிபந்தனைகளில் வியாபாரம் கட்டாது என்று கேள்விப்பத்திரம் போட வந்தவர்கள் எழுந்து போனால் போகட்டும். கீழ்த்தளத்தில் மேசைப்பந்து ஆட ஆட்கள் இருக்கிறார்கள்.